அறுபது பேருக்கு இடம்

காலை முறைக்கு மணி அடித்ததும் எல்லோரும் சார்ஜர் பலகையின் முன்னால் கூடினார்கள். சுவரின் நீளத்துக்கு அடித்திருந்த அந்தப் பலகையில் துப்பாக்கிகள் வரிசையாகச் செருகியிருந்தன. துப்பாக்கி என்பது அவர்கள் வைத்த பெயர். ஒரு கைப்பிடி, ஒரு விசை, மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான். அவரவர் துப்பாக்கியை எடுத்து, தங்கள் எண்ணைத் தட்டி, விசையை அழுத்தினார்கள். முந்திக்கொண்டவர்களின் திரை பச்சையானது. அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ரேக்குகளுக்கு நடுவே போய்விட்டார்கள். பிந்தியவர்களின் திரையில் வழக்கமான வாசகம் வந்தது: இணைப்பு கிடைக்கவில்லை. மீண்டும் முயலவும்.

மீண்டும் முயன்றார்கள். விசை அழுத்தும் சத்தம் சுவர் நெடுகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"முயலவும் முயலவும்னு சொல்லுதே, எத்தனை தடவைன்னு சொல்லுதா பாரு," என்றாள் அரட்டை. அவளுக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை விளக்க வேண்டியதில்லை. வாயும் காலும் ஒரே வேகத்தில் ஓடுகிற ஆள். அவள் திரை பெரும்பாலும் பச்சையாகத்தான் இருக்கும். அன்று வழியில் செருப்பு வார் அறுந்து பிந்திவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றவர் எக்ஸ்பிரஸ். ஐம்பதைத் தாண்டியவர். இடது முழங்கால் சரியாக மடங்காது. அந்தச் சிமெண்டுத் தரையில் வருஷக்கணக்காக நடந்து நடந்து உள்ளே இருந்த சவ்வு தேய்ந்துவிட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு காலை முன்னால் வைத்து மற்றதை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து யாரோ வைத்த பெயர் அது. அவர் கோபித்துக்கொண்டதில்லை. "எக்ஸ்பிரஸ் வருது, வழிவிடுங்கப்பா" என்று அவரே சொல்லிக்கொண்டு வருவார்.

அது மருந்துக் கிடங்கு. ஆஸ்பத்திரிகளும் கடைகளும் கேட்கிற மாத்திரை, ஊசி, கையுறை, பஞ்சு எல்லாம் அங்கிருந்துதான் போகும். இன்ன பொருளுக்கு இன்ன இடம் என்று கிடையாது. லாரியில் வந்து இறங்குவது எந்தத் தட்டு காலியோ அங்கே ஏறிவிடும். இருமல் மருந்துக்குப் பக்கத்தில் குழந்தைப் பவுடர் இருக்கும். அதே இருமல் மருந்தின் இன்னொரு பெட்டி மறுகோடியில் கிடக்கும். எது எங்கே இருக்கிறது என்பது மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில் ஓடும் தேடல் சர்வருக்கு மட்டும்தான் தெரியும். துப்பாக்கி அதைக் கேட்கும், அது இடத்தைச் சொல்லும், ஆள் நடந்து போய் எடுக்க வேண்டும். இணைப்பு இல்லாதவர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவருக்குச் சமம். அப்படி நிற்கும் நேரமும் 'வேலையில்லா நேரம்' என்று அவர் கணக்கிலேயே ஏறும்.

மாடிப்படி அறையில் வேலை பார்த்தவனையும் எல்லோரும் சர்வர் என்றே கூப்பிட்டார்கள். சேர்ந்த அன்று யாரோ ஒருவர் விளையாட்டாக, "சர்வரு, ரெண்டு காபி" என்று சொல்ல, புது இடத்தில் எதற்கு வம்பு என்று அவனும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் வேறு பெயர் சொல்லி யார் கூப்பிடப் போகிறார்கள். அவன் கிடங்கின் ஆள் இல்லை, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரரின் ஆள். எக்ஸ்பிரஸ் அவனுடைய அக்கா கணவர். ஆள் தேவைப்படுகிறது என்று கேள்விப்பட்டு அவனை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். அக்கா வீட்டு முன்னறையில்தான் அவனுக்குப் படுக்கை.

அந்த அறைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். யாராவது படியேறினால் மேலேயிருந்து தூசி விசைப்பலகையில் விழும். அவன் திரையில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு வரி ஓடியது. சர்வர் ஏற்றுக்கொண்டால் பச்சை, மறுத்தால் சிவப்பு. காலை நேரத்தில் பார்த்தால் கண் கூசும் அளவுக்குச் சிவப்பு.

காரணம் அவனுக்குத் தெரியாததல்ல. அந்தச் சர்வர் ஒரே நேரத்தில் அறுபது பேரிடம்தான் பேசும். அவ்வளவு பேருக்கான உரிமத்தைத்தான் கம்பெனி வாங்கியிருந்தது. கிடங்கில் வேலை செய்தவர்கள் எண்பது பேருக்கு மேல். அறுபது இடமும் நிரம்பிய பிறகு யார் வந்து கேட்டாலும் சர்வர் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இருப்பவரும் சில நிமிஷம் எதுவும் கேட்காமல் இருந்தால், அவர் வேலை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வேகமாக நடக்கிறவர்களுக்கு அந்தச் சில நிமிஷம் தாராளம். எக்ஸ்பிரஸ் மறுகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருடைய இடம் பறிபோயிருக்கும். பொருளை எடுத்தாலும் எடுத்ததாகப் பதிய முடியாமல் ரேக்கின் முன்னால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அன்று மதியம் மேலாளர் குனிந்து உள்ளே வந்தார். கையில் சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தது. நின்றுகொண்டே சாப்பிடுகிற மனிதர் அவர், உட்கார அவருக்கும் நேரம் இருப்பதில்லை.

"மாசக் கடைசியில தலைமை ஆபீஸ்லேருந்து வர்றாங்கப்பா. இந்தத் திரையைத்தான் அவங்களுக்குக் காட்டணும். தோல்வின்னு ஒரு எண்ணு வருதே, அது பூஜ்யமா இருக்கணும்."

"இடம் அறுபதுதான் சார் இருக்கு. ஆளு எண்பதுக்கு மேல. இன்னும் கொஞ்சம் இடம் வாங்கிட்டா ஒரு சிவப்புகூட வராது."

"போன தடவையும் இதைத்தான் சொன்ன."

"போன தடவையும் வாங்கல சார்."

மேலாளர் சிரித்துவிட்டார். "வாயால சொன்னா மேல யாரு காதுல போட்டுக்கறாங்க? ஆதாரம் கேப்பாங்க. யாரு எவ்வளவு நேரம் இணைப்பு இல்லாம நிக்கறாங்கன்னு ஒரு வாரத்துக்கு எடுத்துக் குடு. ஆள் வாரியா குடு. நானே அனுப்பறேன்."

அவர் போன பிறகு அவன் சாப்பிடப் போகவில்லை. வேலையில் சேர்ந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் விஷயத்தை ஒருவர் எழுதிக் கொடு என்று கேட்டது இதுதான் முதல் தடவை. உடனே அளக்க உட்கார்ந்துவிட்டான்.

அளக்க ஆரம்பித்ததும் ஒன்று கண்ணை உறுத்தியது. ஒரு துப்பாக்கி பஞ்சைக் கேட்டுக்கொண்டே இருந்தது. பஞ்சு, பஞ்சு, மறுபடி பஞ்சு. சர்வரும் சளைக்காமல் 'உள்ளது' என்று தட்டின் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருவரும் போய் எடுத்தபாடில்லை. தேடிப் பார்த்தால் அந்த ஒன்று மட்டும் இல்லை. இன்னொன்று கையுறையைக் கேட்டது, வேறொன்று பிளாஸ்திரியைக் கேட்டது. பஞ்சு கேட்ட துப்பாக்கியின் எண்ணைப் பார்த்தான். மாமாவுடையது.

எழுந்து கிடங்குக்குள் போனான். கழிப்பறைக்கு எதிரே மாமாவின் வண்டி நின்றது. வண்டியின் மேல் துப்பாக்கி படுத்திருந்தது. விசையின் மேல் மடித்த அட்டைத் துண்டை வைத்து, மாத்திரை அட்டைகளைக் கட்டி வருகிற ரப்பர் பேண்டால் இறுக்கிச் சுற்றியிருந்தது. சில நொடிக்கு ஒரு முறை திரை மின்னியது.

"மாப்ளே, அதைத் தொடாத," என்றார் எக்ஸ்பிரஸ், கழிப்பறைக் கதவைத் திறந்துகொண்டே. ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"என்ன மாமா இது?"

"பேசாம இருந்தா தொரத்தி விட்டுடுது இல்ல? பேசிக்கிட்டே இருந்தா என்ன பண்ணும்? பஸ்ல பையை வெச்சு இடம் பிடிக்கறதில்லையா, அது மாதிரிதான்."

"அதுக்கு ஏன் பஞ்சு?"

"பஞ்சு எப்பவும் இருக்கும்டா. வேற ஏதாவது கேட்டு, அது தீந்துபோயிருந்தா மேல மணி அடிக்கும், யாருடா கேட்டதுன்னு வருவாங்க. பஞ்சு இல்லேன்னே சொல்லாது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "எத்தனை பேரு இப்படிப் பண்றாங்க?" என்றான்.

"கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன். இதுல என்ன ரகசியம்?"

"நீங்கல்லாம் இப்படி இடத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டா வெளியில நிக்கறவங்க எப்படி மாமா உள்ள வருவாங்க?"

எக்ஸ்பிரஸ் துப்பாக்கியை எடுத்து ரப்பரைக் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொண்டார். "நானும் வெளியில நின்னவன்தான மாப்ளே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு காலை இழுத்துப் போனார்.

அன்று மாலை சாப்பாட்டின்போது அவன் விஷயத்தை எடுத்தான். அக்கா இரண்டு பேருக்கும் பரிமாறிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து தன் மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்கான மாத்திரை. ஒரு நாள் விட்டாலும் மூச்சு வாங்கும். கடையில் அதன் விலையைக் கேட்டாலே மூச்சு வாங்கும். கம்பெனி தொழிலாளர்களுக்குக் கொடுத்திருந்த அட்டையைக் காட்டித்தான் குறைந்த விலையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு வாரம் ரப்பரைக் கழட்டி வெச்சிடுங்க மாமா. மத்தவங்களையும் கழட்டச் சொல்லுங்க. ரப்பர் போட்டிருந்தா எல்லாரும் சுகமா உள்ள இருக்கற மாதிரி காட்டுது. உண்மையில எவ்வளவு பேரு நிக்கறாங்கன்னு தெரிய மாட்டேங்குது."

"கழட்டினா என் நேரம் ஏறுமே."

"ஏறட்டும். ஏறினாதான் அவங்களுக்கு உறைக்கும். உங்க மேல தப்பு இல்ல, இடம்தான் பத்தலேன்னு அந்த எண்ணே சொல்லும். இடம் வாங்கிட்டாங்கன்னா உங்களுக்கு ரப்பரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நிம்மதியா நடக்கலாம்."

எக்ஸ்பிரஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "இந்த வயசுல என்னை வேற எவனும் சேத்துக்க மாட்டான் மாப்ளே. அதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டுப் பண்ணு."

"அவன் படிச்சவன், உங்களுக்குக் கெடுதல் பண்ணுவானா?" என்றாள் அக்கா. "அவன் சொன்னபடி கேளுங்க."

மறுநாள் எக்ஸ்பிரஸ் தானே ஆள் ஆளாகப் போய்ச் சொன்னார். அவர் சொல்லிக் கொடுத்த வித்தை, அவர் சொன்னதும் பலர் கழற்றிவிட்டார்கள். மச்சினன் உள்ளே இருக்கிறான், நல்லதுக்குத்தான் சொல்வான் என்று ஒரு நம்பிக்கை. அரட்டை மட்டும் மசியவில்லை. மாடிப்படி அறை வாசலில் வந்து குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, நான் கழட்ட மாட்டேன். என்னைக் காட்டிக் குடுக்கறதா இருந்தா குடுத்துக்கோ."

"காட்டிக் குடுக்கறதுக்கு இல்லக்கா. எல்லாருக்கும் நல்லதுதான்."

"இருக்கும். ஆனா நேரம் ஒரு தடவை ஏறிடுச்சுன்னா யாரு வந்து இறக்குவா? இங்க ஏறினது எதுவும் இறங்கி நான் பாத்ததில்ல," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

அந்த வாரம் அவனுக்கு உட்கார்ந்த இடத்தில் உடம்பு வலித்தது. மாமாவின் வரி பச்சையாகும், சிவப்பாகும், நெடுநேரம் சிவப்பாகவே கிடக்கும். கதவைத் திறந்து பார்த்தால் ரேக் சந்தின் கடைசியில் அவர் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரியும். தூக்கிப் பிடித்தால் கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அதில் ஒரு பிரயோஜனமும் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் யாரையாவது ஒரு விசையில் வெளியேற்றிவிட்டு மாமாவை உள்ளே விட அவனால் முடியும். இரண்டு தடவை கை அதுவரை போனது. அப்புறம் எண்ணிக்கை பொய்யாகிவிடுமே என்று கையை எடுத்துக்கொண்டான். ஒரு வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டால் தீர்ந்தது.

வாரம் முடிந்ததும் அறிக்கையை எழுதினான். இதற்கு முன் எதையும் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை. இடம் எத்தனை, ஆள் எத்தனை, எத்தனை இடம் சேர்த்து வாங்க வேண்டும் என்று மேலே விளக்கினான். கீழே ஒவ்வொருவரும் காத்திருந்த நேரத்தைப் போட்டான். முதலில் துப்பாக்கி எண் வரிசையில்தான் போட்டிருந்தான். பிறகு, அதிகமாகக் கஷ்டப்படுகிறவர்தான் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று தோன்ற, நேரம் கூடியவர்களை மேலே கொண்டுவந்தான். மாமா மேலேயே வந்துவிட்டார். கடைசியில், 'இவர்கள் வேலை செய்யாமல் இருக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பதில் கிடைக்காமல் நின்றிருக்கிறார்கள்' என்று ஒரு வரி சேர்த்தான். சேர்த்துவிட்டு அதைப் பல முறை படித்துப் பார்த்துக்கொண்டான்.

மேலாளர் படித்துவிட்டு, "பிரமாதமா எழுதியிருக்கப்பா. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்," என்றார்.

அன்று மாலையே எக்ஸ்பிரஸ் ரப்பரை மறுபடி போட்டுவிட்டார். "வாரம் முழுக்க நின்னது போதும் மாப்ளே. அவங்க வாங்கறப்ப வாங்கட்டும்," என்றார். முன்பெல்லாம் வண்டியில் வைக்கும்போது மட்டும் சுற்றுவார். இப்போது துணிச்சல் வந்துவிட்டது. சாயங்காலம் சார்ஜர் பலகையில் செருகும்போதும் ரப்பரோடு செருகிவிட்டுப் போனார். காலையில் அவர் வருவதற்கு முன்பே அவருடைய இடம் அவருக்காகக் காத்திருந்தது. பலகையின் முன்னால் நிற்காமல், துப்பாக்கியை உருவிக்கொண்டு நேராக வண்டிக்குப் போனார். "எக்ஸ்பிரஸுக்கு ரிசர்வேஷன் கிடைச்சிடுச்சு," என்று அரட்டை கூவியதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மாதக் கடைசி நெருங்கியபோது ஒரு நாள் மாலை, முறை முடிகிற நேரத்தில், கேண்டீன் அறைக்கு வரச் சொல்லிச் சிலரைக் கூப்பிட்டார்கள். அவன் அறைக்குள் இருந்ததால் கேட்கவில்லை. அரட்டைதான் வந்தாள். 

"ஆளைக் குறைக்கறாங்க தம்பி. உங்க மாமாவையும் கூப்ட்டுட்டாங்க."

 அவன் எழுந்த வேகத்தில் படியின் அடிப்பக்கம் தலையில் இடித்தது. அதைத் தேய்த்துக்கொண்டே மாடியிலிருந்த மேலாளர் அறைக்கு ஓடினான். மேலாளர் நின்றுகொண்டு தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இடத்தைக் கூட்டச் சொல்லித்தான சார் எழுதினேன்."

"எழுதின. ஆளு கூட, இடம் குறைச்சல், ரெண்டும் ஒத்துப்போகலேன்னு எழுதின. மேல படிச்சாங்க. ரெண்டும் ஒத்துப்போகணும், அவ்வளவுதானேன்னு கேட்டாங்க. உரிமம் வாங்கினா வருஷா வருஷம் செலவு."

"யாரு யாருன்னு யாரு சார் முடிவு பண்ணினது?"

மேலாளர் தாள்களை மேஜையில் தட்டிச் சமப்படுத்தினார். "நீ குடுத்த வரிசைதான்பா. பட்டியல்ல மேலேருந்து எடுத்துக்கிட்டாங்க. அறுபதுக்குச் சரியா நிறுத்தினா யாருக்காவது இடம் பத்தாம போயிடும்னு இன்னும் ரெண்டு மூணு பேரைச் சேத்துக் குறைச்சிட்டாங்க."

"அவங்க எல்லாம் நான் சொன்னதுக்காக ரப்பரைக் கழட்டினவங்க சார்."

"எந்த ரப்பரு?" என்றார் மேலாளர். அவருக்கு நிஜமாகவே தெரியாது. அவன் சொல்ல வாயெடுத்தான். சொன்னால் கழற்றாமல் இருந்தவர்களும் போவார்கள். "ஒண்ணுமில்ல சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். அரட்டை மாடிப்படியடியிலேயே நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் கையிலிருந்த துப்பாக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அவன் வீட்டுக்குப் போனபோது எக்ஸ்பிரஸ் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவருடைய முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வா மாப்ளே. கம்பெனி அட்டையை வாங்கிக்கிட்டாங்க. துப்பாக்கியை நானே பலகையில செருகிட்டு வந்தேன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தத் தாளையும் காட்டினாங்க. என் எண்ணு மேலேயே இருந்துச்சு. கணக்குல தப்பில்லடா. அவ்வளவு நேரம் நான் நின்னது நிஜம்தான்," என்றார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வந்திருந்தான். அக்கா எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து தட்டை வைத்தாள்.

"எனக்குப் பசிக்கலக்கா."

"எனக்குக் கோவம் இருக்கு," என்றாள் அவள். "அவருக்கு இருக்கோ இல்லையோ, எனக்கு இருக்கு. அது எப்ப போகும்னு எனக்குத் தெரியாது. அதுக்காக உன்னைப் பட்டினி போட முடியுமா? உக்காரு."

அவன் உட்கார்ந்தான். அவள் பரிமாறினாள். பிறகு மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்து, ஒன்றைக் கையில் எடுத்து, சமையல் கத்தியால் இரண்டாக வெட்டினாள். பாதியை வாயில் போட்டுக்கொண்டு பாதியைத் திரும்ப டப்பாவில் வைத்தாள். 

தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் நல்ல நாளாகப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். காலை மணி அடித்தது, எல்லோரும் பலகையின் முன்னால் வந்தார்கள், எடுத்தார்கள், அழுத்தினார்கள். ஒரே மூச்சில் எல்லாத் திரைகளும் பச்சையாயின. காத்திருந்து பழகியவர்களுக்கு அது என்னவோ போல இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். முன்பு நடந்ததைவிட வேகமாக நடந்தார்கள். போனவர்களுடைய வேலையும் இருந்தது அல்லவா. பலகையின் ஒரு பக்கம் முழுக்க எடுக்க ஆளில்லாத துப்பாக்கிகள் செருகியபடியே இருந்தன.

மாடிப்படி அறை எல்லோருக்கும் கொள்ளாது என்று திரையை மேலாளர் அறைக்கு இழுத்து வைத்திருந்தான் அவன். தோல்வி என்ற சொல்லுக்கு எதிரே பெரிய எழுத்தில் பூஜ்யம். மேலாளர் முதல் தடவையாக உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மாசத்துல இவ்வளவு மாத்தமா? யாரு பண்ணினது?" என்று வந்தவர்களில் மூத்தவர் கேட்டார். மேலாளர் அவனைக் காட்டினார். மூத்தவர் எழுந்து வந்து அவன் கையைக் குலுக்கினார். மென்மையான, சூடான கை.

கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி மட்டும் திரையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன? ஒருத்தர் பஞ்சையே கேட்டுக்கிட்டு இருக்காரே, காலையிலேருந்து."

 போனவர்களின் எண்களை எல்லாம் நீக்கச் சொல்லியிருந்தார்கள். மற்றதையெல்லாம் நீக்கியவன் அந்த ஒன்றில் மட்டும் கை வைக்காமல் விட்டிருந்தான்.

"யாருப்பா அது?" என்றார் மேலாளர்.

"ஆள் இல்ல சார். துப்பாக்கி மட்டும்தான்."

"ஆள் இல்லேன்னா எடுத்துடு. எதுக்கு ஒரு இடத்தை அடைச்சுக்கிட்டு?"

அவன் இறங்கிப் போனான். பலகையின் கடைசியில் அது செருகியிருந்தது. விசையின் மேல் அட்டைத் துண்டு, அதன் மேல் இரண்டு சுற்று ரப்பர். கடைசி நாளிலும் பழக்கத்தில் அப்படியே செருகிவிட்டுப் போயிருக்கிறார். திரை மின்னியது. பஞ்சு: உள்ளது. எடுக்கச் செல்லவும். கொஞ்சம் பொறுத்து மறுபடி மின்னியது. பஞ்சு: உள்ளது. எடுக்கச் செல்லவும்.

அரட்டை வண்டியோடு அந்தப் பக்கம் வந்தவள் நின்றாள். அவன் ரப்பரைப் பிரிப்பதைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவளுடைய துப்பாக்கி சத்தமிட்டது. அடுத்த பொருளுக்கு நேரமாகிவிட்டது. அவள் போய்விட்டாள்.

ரப்பர் கழன்றதும் விசை மெல்ல மேலே வந்தது. அவன் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். எண்ணை நீக்கியிருந்தால் உடனே போயிருக்கும். அதற்கு மனம் வரவில்லை. சில நிமிஷம், மாமாவால் ஒருபோதும் நடந்து கடக்க முடியாத அந்தச் சில நிமிஷம், திரை கடைசியாகச் சொன்னதையே காட்டிக்கொண்டிருந்தது. பிறகு தானாக மாறியது.

இணைப்பு முறையாக முடிக்கப்பட்டது. நன்றி.

மேலே பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. இப்படிப் போவது தோல்வியில் சேராது. சர்வரில் ஓர் இடம் காலியாகிக் கிடந்தது, அதைக் கேட்டு யாரும் வரவில்லை.